எவ்வளவு இலக்கணம் போதும்?

கணினியையும் மொழியையும் சேர்த்துப் படித்தால் கடைசியில் என்ன ஆவது என்று பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. கணிப்பு மொழியியல், அறிதிறன் அறிவியல் என்று பெயர்களைச் சொன்னால் அவர்களுடைய பெற்றோர் முகத்தில் இன்னும் கவலை கூடுகிறது. பொதுவாகப் பதில் சொன்னால் மனசில் நிற்காது. ஒரே ஒருவரின் வாழ்நாள் வேலையை எடுத்துக்கொண்டு பேசுவோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நேரமாகும்.

அரவிந்த் ஜோஷி 1929இல் புனேயில் பிறந்தவர். அங்கேயே பொறியியல் படித்து 1950இல் பட்டம் பெற்றார். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தகவல்தொடர்புப் பொறியியல். அமெரிக்கா போய், ஃபிலடெல்ஃபியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1960இல் மின்பொறியியலில் முனைவர் பட்டம். சான்றிதழ்களை மட்டும் பார்த்தால் மொழியின் வாடையே கிடையாது.

அதே பல்கலைக்கழகத்தில்தான் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் ஆசிரியரான ஜெலிக் ஹாரிஸ் இருந்தார். அவருடைய குழு 1958, 59இல் யூனிவாக் கணினியில் ஆங்கில வாக்கியங்களைப் பகுத்துக் காட்டும் நிரல் ஒன்றை எழுதியது. இளம் ஜோஷி அதில் சேர்ந்துகொண்டார். அந்த யூனிவாக்கின் நினைவகம் மொத்தம் 12,000 எழுத்து கொள்ளும். நீங்கள் இப்போது படிக்கும் கட்டுரை அளவுக்கு ஏதாவது ஏற்றினால் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அதனால் வாக்கியத்தை ஒரே மூச்சில் அலசாமல் கட்டம் கட்டமாகப் போனார்கள். முதல் நடையில் பெயர்ச்சொல் தொடர்களை அடையாளம் காண்பது, அடுத்த நடையில் வினைகளைச் சுற்றியுள்ளவற்றைச் சேர்ப்பது என்று. இதே உத்தியைப் பல பத்தாண்டுகள் கழித்து மற்றவர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். அப்போது ஜோஷி பழைய ஆவணங்களை வைத்து அந்த நிரலைத் திரும்பக் கட்டி ஓட்டிக் காட்டினார்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1956இல் சாம்ஸ்கி இலக்கணங்களை அவற்றின் வலிமைப்படி படிநிலையாக அடுக்கியிருந்தார். கீழ்ப்படியில் உள்ளது சொற்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும், முன்னால் வந்ததை அதிகம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அடுத்த படியில் உள்ளதற்கு ஓர் அடுக்கு நினைவு உண்டு. மேலே போகப் போக வலிமை கூடும். கூடவே இரண்டு தொல்லைகளும் வரும். ஒன்று, கணினியால் நியாயமான நேரத்தில் வேலையை முடிக்க முடியாது. இன்னொன்று இன்னும் முக்கியம்: எதை வேண்டுமானாலும் அனுமதிக்கும் இலக்கணம் மனித மொழியைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாது. மனிதர்கள் பேசும் மொழிகளில் ஏன் இன்னின்ன அமைப்புகள் வருகின்றன, ஏன் மற்றவை எங்குமே வருவதில்லை என்று கேட்டால் அது கையை விரிக்கும். ஆகவே மனித மொழிக்குத் தேவையான வலிமை எவ்வளவு, அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்று அளந்து பார்ப்பதுதான் ஜோஷியின் வாழ்நாள் கேள்வி.

தமிழில் ஒரு வாக்கியம் பாருங்கள். "ராமு சீதா குழந்தை தூங்கியதைப் பார்த்ததாகச் சொன்னான்." முதலில் மூன்று பெயர்கள், பிறகு மூன்று வினைகள். தூங்கியது குழந்தை, அதாவது கடைசியாக வந்த பெயர் முதல் வினையோடு சேர்கிறது. பார்த்தது சீதா. சொன்னது ராமு, முதலில் வந்தவன் கடைசி வினைக்குக் காத்திருந்தான். பந்தியில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து எடுப்பது மாதிரிதான். கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வரும். இரண்டாம் படி இலக்கணத்தின் அடுக்கு நினைவு இதுதான். ஜெர்மனும் இந்தச் சங்கதியில் தமிழைப் போலவே நடக்கிறது.

பக்கத்திலேயே இருக்கும் டச்சு மொழி அப்படி நடப்பதில்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களில் பெயர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் வினைகளும் வரும். முதல் பெயருக்கு முதல் வினை, இரண்டாவதற்கு இரண்டாவது, மூன்றாவதற்கு மூன்றாவது. பெயர்களையும் வினைகளையும் கோடு போட்டு இணைத்தால் தமிழில் ஒரு வளைவுக்குள் இன்னொன்று அடங்கும், டச்சில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். சுவிட்சர்லாந்து ஜெர்மனிலும் இதே குறுக்குவெட்டு உண்டு, அங்கே வேற்றுமை உருபுகளும் அதற்கேற்ப மாறும். 1985இல் ஸ்டூவர்ட் ஷீபர் அதை வைத்து, அடுக்கு நினைவு மட்டும் உள்ள இலக்கணம் மனித மொழிக்குப் போதாது என்று கணித முறைப்படி நிறுவினார்.

போதாது என்றால் இன்னும் எவ்வளவு வேண்டும்? இதற்கான கருவியை ஜோஷி பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்துவைத்திருந்தார். 1975இல் லியான் லெவி, மசாக்கோ தக்காஹாஷி ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரையில் வந்தது மரம் பொருத்தும் இலக்கணம். இதில் அடிப்படை அலகு ஒரு சின்ன மரம், அதாவது வாக்கியத்தின் அமைப்பைக் கிளை கிளையாகக் காட்டும் வரைபடம். ஒரு வினை, அதற்கு வேண்டிய எழுவாய், செயப்படுபொருள் எல்லாம் ஆரம்பத்திலேயே அந்த ஒரே மரத்தில் இருக்கும். இன்னொரு மரத்தைக் கொண்டுவந்து, முதல் மரத்தின் நடுவே பிளந்து பொருத்தலாம். "யாரைச் சீதா பார்த்தாள்?" என்று ஒரு மரம். அதன் நடுவே "ராமு சொன்னான்" என்பதைப் பொருத்தினால் "யாரை ராமு சீதா பார்த்ததாகச் சொன்னான்?" என்று ஆகிறது. 'யாரை' இப்போது தன் வினையை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. ஆனாலும் அவை இரண்டும் ஒரே சின்ன மரத்தில் பிறந்தவை என்பதால் உறவு அறுபடவில்லை. வாக்கியம் எவ்வளவு நீண்டாலும், எத்தனை பேர் இடையில் வந்து சொன்னாலும், உறவைச் சொல்ல அந்தச் சின்ன மரம் போதும்.

இந்த ஒரே செயலால் டச்சின் குறுக்குவெட்டும் அடங்கிவிடுகிறது. வலிமை சற்றுதான் கூடுகிறது, விலையும் கட்டுக்குள் இருக்கிறது. சாதாரண அடுக்கு இலக்கணத்தில் வாக்கியத்தின் நீளம் இரட்டித்தால், பகுக்கும் வேலை அதிகபட்சம் 8 மடங்காகும். ஜோஷியும் அவர் மாணவர் விஜய்-ஷங்கரும் தந்த முறையில் 64 மடங்காகும். கூடுதல்தான், ஆனால் கட்டறுத்து ஓடவில்லை. படிநிலையில் அடுக்கு இலக்கணத்துக்குச் சற்று மேலே இருக்கும் இந்தப் பகுதிக்கு 1985இல் ஜோஷி தனியாகப் பெயரும் வைத்து, மனித மொழிகள் எல்லாம் இதற்குள் அடங்கும் என்று முன்மொழிந்தார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. அந்தக் காலத்தில் வேறு சிலரும் வேறு வேறு காரணங்களுக்காக வேறு வேறு இலக்கண முறைகளை உருவாக்கியிருந்தார்கள். பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டுறவு தெரியாது. விஜய்-ஷங்கரும் இன்னொரு மாணவரான டேவிட் வியரும் அவற்றில் மூன்றை எடுத்து ஜோஷியின் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, நான்கின் வலிமையும் மிகச் சரியாக ஒன்றே என்று நிறுவினார்கள். தனித்தனியாகக் கிளம்பியவர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால் அந்த இடத்தில் ஏதோ உண்மை இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதுவரை கணிதம். மனித மனம் எங்கே வருகிறது? 1986இல் மொழியியலாளர் எம்மன் பாக்கும் உடன் ஆய்வாளர்களும் ஜெர்மன், டச்சுப் பேச்சாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மூன்று வினைகள் அடுக்கி வரும்போது, டச்சுக்காரர்களுக்குத் தங்கள் குறுக்குவெட்டு வாக்கியம் புரிவது, ஜெர்மானியர்களுக்குத் தங்கள் அடுக்கு வாக்கியம் புரிவதைவிட எளிதாக இருந்தது. கணிதப்படி குறுக்குவெட்டுக்குத்தானே அதிக வலிமை வேண்டும், அது எப்படி எளிதாகும்? 1990இல் ஜோஷி இதை எடுத்துக்கொண்டார். தன் இலக்கணத்துக்கு இணையான ஓர் இயந்திரத்தைத் தாளில் வரைந்து, அது வாக்கியத்தைப் படிக்கும்போது எத்தனை துண்டுகளை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறது என்று எண்ணினார். அடுக்கு வாக்கியத்தில் முதலில் முடிவது மிக உள்ளே இருப்பது. குழந்தை தூங்கியது என்று தெரிந்துவிடும், அதை எதற்குள் வைப்பது என்று தெரியாது. சீதாவும் ராமுவும் முடியும்வரை தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். டச்சில் வெளிச்சட்டம் முதலில் முடிந்துவிடுவதால், அடுத்து வருவதை அப்போதைக்கப்போதே அதனுள் இறக்கி வைத்துவிடலாம். சோதனையில் கிடைத்ததும் இந்த எண்ணிக்கையும் ஒத்துப்போயின. வாக்கியங்களின் வடிவத்துக்காகச் செய்த கருவி, மனிதர்களின் திணறலுக்கும் காரணம் சொன்னது. அறிதிறன் அறிவியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த 1990ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான் காட்டுவேன்.

இன்னொரு கட்டுரை நமக்கு இன்னும் நெருக்கம். 1982இல் அவர் தன் தாய்மொழியான மராத்தியையும் ஆங்கிலத்தையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவதை ஆராய்ந்தார். அப்படிப் பேசுவது கெட்ட பழக்கம், ஒழுங்கில்லாதது என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்த விஷயம். அவர் காட்டியது, அதிலும் கறாரான விதிகள் உண்டு என்பதை. ஒரு மொழி சட்டமாக நிற்கும், மற்றது அதற்குள் வரும். சட்ட மொழியிலிருந்து மற்றதற்குத் தாவலாம், அதே முறையில் திரும்பத் தாவ முடியாது. உருபுகள் போன்ற சின்னப் பிணைப்புகள் சட்ட மொழிக்கே சொந்தம். நம் வீட்டிலேயே கேட்கலாம்: "நேத்து எடுத்த ஃபோட்டோவை எல்லாம் டெலீட் பண்ணிட்டேன்." 'சேர் மேல வை' என்போம், அந்த 'மேல' என்பதை மட்டும் எடுத்துவிட்டு 'சேர் ஆன் வை' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. யாரும் கற்றுக்கொடுக்காத விதி. வேறு மொழி ஜோடிகளில் விதிவிலக்குகள் பிற்பாடு கிடைத்தன, ஆனாலும் கலப்புப் பேச்சை இலக்கணமாக மதித்துப் பார்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர்.

வேலை என்று பார்த்தால், 1972 முதல் 1985 வரை கணினித் துறைத் தலைவர். குழந்தைகள் மொழி கற்பதை ஆராய்ந்த உளவியலாளர் லைலா கிளைட்மனோடு சேர்ந்து பென்சில்வேனியாவில் அறிதிறன் ஆய்வு நிறுவனத்தைக் கட்டினார். கிளைட்மனும் ஹாரிஸிடம் படித்தவர்தான். மொழியியல், தத்துவம், உளவியல், கணினித் துறையினர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த இடம் அது. ஜோஷியிடம் படித்த கேத்லீன் மெக்கியோன் போன்றோர் இந்தத் துறையின் அடுத்த தலைமுறையை நடத்தினார்கள். 2003இல் ரூமல்ஹார்ட் பரிசு, 2005இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதக்கம். எழுபது வயது தாண்டிய பிறகும் ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தோடு 'ஆனால்', 'அதனால்' என்று எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் குறித்துவைக்கும் பெரிய தொகுப்பை நடத்தினார். அதே முறையில் இந்திக்குத் தொகுப்பு தொடங்கிய ஹைதராபாத் குழுவோடும் கைகோத்தார். 2017 டிசம்பர் 31 அன்று காலமானார்.

இப்போது எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு செய்துவிடுகிறதே, இந்த மரங்கள் எதற்கு என்று கேட்பீர்கள். மொழிபெயர்ப்புச் செயலிக்குக் கையால் எழுதிய இலக்கணம் இன்று தேவைப்படுவதில்லை, அது உண்மை. ஆனால் செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகள் லட்சம் கோடிக் கணக்கில் சொற்களைப் படிக்கின்றன. ஒரு குழந்தை பேசப் பழகும்வரை கேட்ட சொற்களைச் சில கோடிகளுக்குள் எண்ணிவிடலாம். இவ்வளவு குறைவாகக் கேட்டு அது எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கு விடை தேடுகிறவர்களுக்கு ஜோஷியின் கேள்வி இன்னும் பழசாகவில்லை.

தமிழில் செய்ய வேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது. ஆங்கிலத்தில் பென்சில்வேனியாவிலேயே உருவான மர வங்கியில், அதாவது ஒவ்வொரு வாக்கியமாகப் பகுத்து வைத்த தொகுப்பில், செய்தித்தாள் பகுதி மட்டுமே சுமார் 10 லட்சம் சொற்கள். பிராக் நகரத்தின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ் மர வங்கியில் 600 வாக்கியங்கள். பொறியியல், தமிழ் இரண்டும் கைவசம் இருக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய. கலப்புப் பேச்சைப் பற்றி ஜோஷி எழுதிய 1982ஆம் ஆண்டுக் கட்டுரை சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். பிறகு உங்கள் வீட்டில் பேசும் தமிழை எழுதிவைத்து, அந்த விதிகள் நமக்கும் பொருந்துகின்றனவா என்று நீங்களே சரிபாருங்கள்.