பிளே அழுத்தினா 0:00: தப்பு நெட்லயா, எழுத்துலயா?

ஒரு தமிழ் பாட்காஸ்ட் வெப்சைட்டைத் திறக்குறீங்க. எபிசோட் இருக்கு, பிளே பட்டன் இருக்கு, அழுத்துறீங்க. 0:00-லயே நிக்குது. என்ன நினைப்பீங்க? "நெட் ஸ்லோ." சென்னையில இருந்தா வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க. தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில இருந்து கேக்குறவங்க, "நம்ம ஊர் டவர் அவ்வளவுதான்"னு மூடிட்டுப் போயிடுவாங்க. புகார் பண்ண மாட்டாங்க. சைட் நடத்துறவருக்கு விஷயமே தெரியாது, தப்பு மாசக்கணக்கா அப்படியே கிடக்கும். ஆனா பல சமயம் டவர் பாவம், அது மேல தப்பே இல்ல. ஃபைல் பேர்ல இருக்குற ஒரே ஒரு எழுத்துதான் வேலையைக் காட்டியிருக்கும்.

அந்த ஊர் பேரையே எடுத்துக்கலாம். பா, ப், பி, ரெ, ட், டி, ப், ப, ட், டி. நமக்கு 10 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 19. ஏன்னா யூனிகோட்ல "பா"ன்னு தனியா ஒரு எழுத்து கிடையாது. "ப" ஒரு குறியீடு, துணைக்கால் இன்னொரு குறியீடு. "ப்"னா ப, அதுக்கு அப்புறம் புள்ளி. இந்த 19-ம் யூடிஎஃப்-8 முறையில தலா 3 பைட், ஆக மொத்தம் 57 பைட். இதையே வெப் முகவரியில போட்டா ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, கூட ரெண்டு எழுத்துன்னு விரியும். 171 ஆயிடும். வாட்ஸ்அப்ல முழம் நீளத்துக்குச் சதவீதக் குறியா வர்ற லிங்க் பார்த்திருப்பீங்கல்ல, அது இதுதான்.

இன்னொண்ணு கவனிங்க. "ரெ"ல நம்ம கண்ணுக்கு முதல்ல தெரியறது கொம்பு. உள்ள சேமிச்சிருக்கறது முதல்ல ர, அப்புறம் கொம்பு. திரையில வரையும்போது பிரவுசர்தான் இடம் மாத்திப் போடுது. பழைய முறைகள் அப்படி இல்ல. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தமிழ் சைட்டுக்கும் ஒரு ஃபான்ட் இறக்கணும். 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு டாம், டாப்னு ரெண்டு குறியீடுகளை அறிவிச்சுது. இணையத்துல இன்னொரு பக்கம் டிஸ்கின்னு ஒண்ணு புழக்கத்துல இருந்துச்சு. 2010-லதான் அரசு யூனிகோடுக்கு வந்துச்சு. அந்தக் காலத்துப் பக்கங்கள்ல கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே கொம்பை முதல்ல போட்டு வெச்சிருப்பாங்க. இன்னைக்கு அதைத் திறந்தா ஆங்கில எழுத்தும் குறியுமா கலந்து தெரியறதுக்குக் காரணம், அந்தப் பழைய ஃபான்ட் இப்ப நம்ம கருவியில இல்லாததுதான்.

சரி, ஆடியோவுக்கு வர்றேன். பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவுல பொம்மிடி இருக்கு, சேலம் – ஜோலார்பேட்டை ரயில் பாதையில ஒரு ஸ்டேஷன். அந்த ஊரைப் பத்தி ஒரு எபிசோட் பண்ணி, ஃபைலுக்கு "பொம்மிடி"ன்னு பேர் வெக்கிறோம்னு வைங்க. இங்கதான் சிக்கல். "பொ"ல இருக்குற ஒகரக் குறியை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியீடா எழுதலாம், இல்ல கொம்பு தனியா, கால் தனியா ரெண்டு குறியீடா எழுதலாம். ரெண்டும் சமம்னு யூனிகோடே சொல்லுது. திரையில பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனா முதல் பொம்மிடி 24 பைட், ரெண்டாவது பொம்மிடி 27 பைட்.

பழைய மேக் டிஸ்குகள் ஃபைல் பேரைச் சேமிக்கும்போது தானாவே பிரிச்சுதான் எழுதும். அந்த ஃபைல் லினக்ஸ் சர்வருக்குப் போகுது. லினக்ஸ் பைட்டை மட்டும்தான் ஒப்பிடும். பக்கத்துல நீங்க கீபோர்ட்ல அடிச்ச லிங்க் 24 பைட், சர்வர்ல இருக்கறது 27 பைட். அதைப் பொறுத்தவரை இது வேற ஊர். 404 அனுப்பிடும். பிளேயர் வாயைத் திறக்காம 0:00-ல நிக்கும். தமிழ்ல இந்த ரெட்டை வேஷம் ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகளுக்கும், தனியா எழுதுற "ஔ"வுக்கும் மட்டும்தான் உண்டு. அதனாலதான் பாப்பிரெட்டிப்பட்டி எபிசோட் பாடும், அதே சைட்ல பொம்மிடியும் மொரப்பூரும் பாடாது. "சில எபிசோட் மட்டும் ஓடல"ன்னு யாராவது சொன்னா, அந்தப் பேர்கள்ல கொம்பும் காலும் சேர்ந்து வருதான்னு முதல்ல பாருங்க.

இது தெரிஞ்சவங்க உடனே சொல்ற அறிவுரை, "பேசாம எல்லாத்தையும் இங்கிலீஷ்ல வை." எனக்கு அதுல பாதி சம்மதம். ஆடியோ ஃபைலுக்கு வெறும் எண் போதும், 12, 13னு. அதை யாரும் படிக்கப் போறதில்ல. ஆனா பக்கத்தோட தலைப்பையும் முகவரியையும் தமிழ்ல இருந்து பிடுங்க வேண்டிய அவசியம் இல்ல. சேமிக்கிறதுக்கு முன்னாடி பேரை ஒரே வடிவத்துக்கு மாத்துற வசதி ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு வரி, நார்மலைஸ்னு பேர். ஒரு வரிக்குச் சோம்பல்பட்டு மொழியையே கழட்டி வெக்கிறது எனக்கு ஒப்பல.

கண்டுபிடிக்கிறது எப்படி? கம்ப்யூட்டர்னா எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபைத் திறந்து வெச்சுட்டு பிளே பண்ணுங்க. 404 வந்தா பேர் அல்லது இடம் தப்பு. 403னா அனுமதி இல்ல. 206 வந்தா நல்ல செய்தி, ஃபைலைத் துண்டு துண்டா அனுப்புதுன்னு அர்த்தம். இந்தத் துண்டு ரொம்ப முக்கியம். ஐபோன் சஃபாரி முதல்ல "கொஞ்சூண்டு பைட் மட்டும் குடு"ன்னுதான் கேக்கும். சர்வருக்கு அப்படிக் குடுக்கத் தெரியலன்னா ஆண்ட்ராய்டுல பாடுற எபிசோட் ஐபோன்ல பாடாது. "என் போன்ல வருதே"ன்னு நண்பர்கள் ரெண்டு பேர் சண்டை போடுறதுக்குப் பின்னாடி பெரும்பாலும் இதுதான் இருக்கும். மொபைல்ல எஃப்12 கிடையாது. ஆடியோ ஃபைலோட முகவரி கிடைச்சா புது டேப்ல நேரடியா ஒட்டிப் பாருங்க. அங்க பாடினா கோளாறு பிளேயர்ல, பாடலன்னா ஃபைல்ல.

பக்கம் திறந்ததும் தானா பாட மாட்டேங்குதுன்னா அது கோளாறே இல்ல. 2018-ல குரோம் 66 வந்ததுல இருந்து, நீங்க தொடாம சத்தம் வர விடாது. நல்ல காரியம்தான். பாடிப் பாடி நிக்குதுன்னா, அப்ப நெட்டைச் சந்தேகப்படலாம், அப்பவும் கொஞ்சம் கணக்குப் போடுங்க. 128 கேபிபிஎஸ்ல அரைமணி நேரம் கிட்டத்தட்ட 29 எம்பி. வெறும் பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ தாராளம், அதுல பாதிதான். பஸ்ல கேக்குற ஆளுக்கு இது பெரிய வித்தியாசம்.

எழுத்து கோளாறுகளுக்கும் முகம் உண்டு. எல்லாம் கட்டம் கட்டமா தெரிஞ்சா அந்தக் கருவியில தமிழ் ஃபான்ட் இல்ல. தலையில கோடு போட்ட "ஏ"வும், வட்டத்துக்குள்ள "ஆர்" போட்ட டிரேட்மார்க் குறியும் திரும்பத் திரும்ப வந்தா, யூடிஎஃப்-8 பக்கத்தை பிரவுசர் வேற முறையில படிக்குது. ஹெட்டர்ல சார்செட்டைச் சரியா சொன்னா போதும். புள்ளி வட்டத்தோட ஒரு கொம்போ காலோ அநாதையா நின்னா, யாரோ எழுத்தை நடுவுல வெட்டியிருக்காங்க. மொபைல்ல தலைப்பைச் சுருக்கும்போது இது நடக்கும். 9 குறியீட்டுல வெட்டினா நம்ம ஊர் "பாப்பிரெட" ஆயிடும், புள்ளி போச்சு. எண்ணவேண்டியது குறியீட்டை இல்ல, எழுத்தை. அதுக்கு இன்டில் செக்மென்டர் இருக்கு, 10னு சரியா எண்ணும்.

கேக்குறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எந்த சைட்டா இருந்தாலும், அடுத்த தடவை 0:00-ல நின்னா "ஓடல"ன்னு மட்டும் எழுதாதீங்க. எந்த எபிசோட், எந்த போன், எந்த பிரவுசர், வேற எபிசோட் ஓடுதா, கூட ஒரு ஸ்கிரீன்ஷாட். எபிசோட் பேரைக் கையால அடிக்காம அங்கிருந்தே காப்பி பண்ணி ஒட்டுங்க. அந்த 3 பைட் அப்பதான் எங்க கைக்கு வரும்.