சிறிய கேமராவுக்கு ஏற்ற பிடி

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் கூட்டம் நிறைந்திருக்கும். பள்ளிப் புகைப்படக் கழக மாணவி ஒருத்தி அக்கூட்டத்தின் நடுவே நின்று காவடிகளைப் படம்பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கையில் இருப்பது ஒரு சிறிய மிரர்லெஸ் கேமரா. வெயில் ஏறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, முன்னும் பின்னும் ஆட்கள் இடிக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் அவள் விரல்கள் வலிக்கத் தொடங்குகின்றன. பிடி சற்றே நழுவினால் கேமரா படியில் விழுந்து உடையும். கீழே நிற்பவர் தலையிலும் விழக்கூடும். எளிதாகத் தூக்கிச் செல்லலாம் என்றுதான் அந்தச் சிறிய கேமராவை அவள் தேர்ந்தெடுத்தாள். இப்போது அந்தச் சிறிய உருவமே தொல்லையாகிவிட்டது.

இவ்வகைக் கேமராக்கள் ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கின்றன? பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் வில்லைக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அது ஒளியை மேல்நோக்கித் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். படம் எடுக்கும் நொடியில் அது மேலெழ வேண்டும். அதற்கு இடம் தேவை. எனவேதான், 1987-இல் வெளிவந்த கேனன் இ.எஃப். வகைக் கேமராக்களில் வில்லை பொருந்தும் வளையத்துக்கும் படம் பதியும் தளத்துக்கும் இடையே 44 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. கண்ணாடியை நீக்கியபின் அந்த இடைவெளி தேவைப்படவில்லை. சோனியின் மிரர்லெஸ் கேமராக்களில் அது வெறும் 18 மில்லிமீட்டர்தான்.

2013-இல் வந்த பானசோனிக் ஜி.எம்.1 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தடிமன் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். மின்கலத்தையும் நினைவக அட்டையையும் சேர்த்தாலும் எடை சுமார் 204 கிராம்தான். அழகான கருவி, ஆனால், விரல் பற்றிக்கொள்ள அதன் முன்பக்கத்தில் மேடு எதுவும் இல்லை. அதைத் தயாரித்த நிறுவனமே அதற்கென்று ஒரு கைப்பிடியைத் தனியாக விற்றது.

மேடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அறிவியல் பாடத்தில் படித்த நெம்புகோலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 300 கிராம் கேமராவில் 500 கிராம் வில்லையைப் பொருத்தினால் எடையின் பெரும்பகுதி முன்பக்கம் போய்விடும். கேமரா முன்னால் கவிழப் பார்க்கும். கட்டைவிரலும் விரல்நுனிகளும் அதைக் கிள்ளிப் பிடித்து நிறுத்த வேண்டும். அங்கே உராய்வு மட்டுமே துணை. வியர்வை வந்தால் அதுவும் குறையும். தடித்த அகராதி ஒன்றை ஓர் ஓரத்தில் கிள்ளியபடி ஐந்து நிமிடம் தூக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். கைப்பிடியின் மேடு இருந்தால் விரல்கள் அதில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். பாரம் உள்ளங்கைக்கும் பரவும்.

கைப்பிடிகளில் மிக மலிவானது ஒட்டும் வகை. ரப்பராலான சிறு மேடு ஒன்றைக் கேமராவின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இடம் தவறி ஒட்டிவிட்டால் பெயர்த்தெடுப்பது சிரமம். பசையின் தடமும் நிற்கும். பள்ளியில் இரவல் வாங்கிய கேமராவாக இருந்தால் இது வேண்டவே வேண்டாம்.

அடித்தட்டுடன் கூடிய பிடி இதைவிட உறுதியானது. கேமராவின் அடியில் முக்காலிக்கான திருகுத் துளை இருக்கிறதல்லவா? அதில்தான் இப்பிடியை முடுக்க வேண்டும். அத்துளையின் அளவு பெரும்பாலான கேமராக்களில் ஒன்றுதான்: கால் அங்குலம். ஆகவே, எந்தப் பிடியும் எதற்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். கேமராவின் வளைவும் மின்கல மூடி இருக்கும் இடமும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். வாங்கும்முன் கடையிலேயே பொருத்தி, மின்கல மூடியைத் திறந்து பாருங்கள். பிடியைக் கழற்றினால்தான் மின்கலத்தை மாற்ற முடியும் என்றால், கூட்டத்தின் நடுவே அது பெரும் அவதி. பிடியின் அடியில் முக்காலிக்கென்று மற்றொரு துளை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கட்டைவிரல் தாங்கி என்று ஒன்றும் உண்டு. கேமராவின் மேலே பிளாஷ் விளக்கைச் செருகும் தடத்தில் அதைச் செருக வேண்டும். வசதியானதுதான், ஆனால், பிறகு அங்கே பிளாஷ் விளக்கைப் பொருத்த முடியாது.

எந்தப் பிடி உங்கள் கைக்கு ஏற்றது என்று அறியக் காசு செலவழிக்கத் தேவையில்லை. சிறுவர்கள் விளையாடும் வண்ணக் களிமண்ணை எடுத்து மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள். கேமராவின் முன்பக்கத்தில் அதை வைத்து, வழக்கம்போல் பிடித்து அழுத்துங்கள். விரல்கள் பதிந்த இடமே மேடு இருக்க வேண்டிய இடம். பத்து நிமிடம் அப்படியே பிடித்திருந்தால் மேட்டின் உயரம் போதுமா என்பதும் தெரிந்துவிடும். சிறிய கைக்கு உயரமான மேடு பொருந்தாது. சுட்டுவிரல் பொத்தானை எட்டாது.

கைப்பிடி வாங்கிவிட்டால் வார் தேவையில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு. பிடி, கேமரா நழுவாமல் காக்கும்; நழுவிய பிறகு காப்பது மணிக்கட்டு வார்தான். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் வாரையே முதலில் வாங்கச் சொல்வேன். அடுத்தது உபரி மின்கலம். சிறிய கேமராவில் மின்கலமும் சிறியது. ஜி.எம்.1-இன் மின்கலம் ஒருமுறை மின்னேற்றினால் தொழில்துறை அளவீட்டின்படி 230 படங்களுக்கே வரும். திருவிழாவில் அது நண்பகல்வரைகூடத் தாங்காமல் போகலாம்.

நம் நாட்டுக்கென்றே ஒரு தேவையும் உண்டு. இங்குள்ள ஈரப்பதத்தில், மூடிய பையில் வைத்த வில்லையில் பூஞ்சை பிடிக்கும். வியர்வை ஊறிய தோலுறையைக் கழற்றாமல் வைத்தால் இன்னும் மோசம். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் மின்பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. விலை கட்டுப்படியாகாவிட்டால், காற்றுப் புகாத உணவுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்கலாம். நிறம் மாறும் வகையை வாங்கினால், அது ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிட்டதைக் கண்ணாலேயே அறியலாம்.

பத்துமலைக்குப் போகும் நம் மாணவி இப்போது மணிக்கட்டில் வாரை மாட்டியிருக்கிறாள். கனமான வில்லையை வீட்டிலேயே விட்டுவிட்டாள். உபரி மின்கலம் சட்டைப் பையில் இருக்கிறது. முதல் படியில் கால் வைக்கும்முன் கேமராவைத் திருப்பி, அடித்தட்டின் திருகாணியை விரலால் ஒருமுறை முடுக்கிப் பார்க்கிறாள். ரயிலில் வந்த அதிர்வில் அது அரைச் சுற்றுத் தளர்ந்திருக்கிறது.