பாதியில் நின்றவரும் வகுப்புத் தோழரே

கோடை விடுமுறையோ பொங்கல் விடுமுறையோ வந்துவிட்டால் உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் வட்டாரங்களில் முன்னாள் மாணவர் சந்திப்புகள் களைகட்டிவிடுகின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்க்கிறார்கள். ஒரே நிறத்தில் பனியன் அடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, "நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும்" என்கிறார். அந்தப் பேச்சிலிருந்து சில ஊர்களில் ஓர் அறக்கட்டளை பிறந்துவிடுகிறது.

இது வரவேற்க வேண்டிய காரியம். அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்தவர்கள் அந்தப் பள்ளியை மறக்காமல் இருப்பதே பெரிய செய்தி. பெஞ்சு, குடிநீர்த் தொட்டி, கழிப்பறை, சுற்றுச்சுவர் என அவர்கள் செய்து கொடுத்தவை ஊருக்கு ஊர் கண்ணெதிரே நிற்கின்றன. அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று.

அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்கள் யார்? ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, எட்டிலோ ஒன்பதிலோ காணாமல் போனவர்கள். டி.சி.கூட வாங்காமல் போனவர்கள். ஒருத்தி மில் வேனில் ஏறினாள். ஒருவன் பனியன் கம்பெனிக்குப் போனான். இன்னொருவன் தென்னந்தோப்பு வேலைக்குப் போனான். வேறொருத்திக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். இவர்களில் பலர் எந்தத் தெருவிலிருந்து பள்ளிக்கு வந்தவர்கள் என்பதை நம் ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பாதியில் நின்றவர் முன்னாள் மாணவர் இல்லையா? இதுதான் நம் கேள்வி.

இதைக் கொமரலிங்கத்தில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. அமராவதி ஆற்றங்கரையில், நெல்லும் தென்னையுமாக இருக்கும் இந்தப் பேரூராட்சியின் பெயர் 2016 மார்ச் 13 அன்று நாடெங்கும் ஒலித்தது. இந்த ஊரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் மாணவர் சங்கர், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் படித்த கௌசல்யாவைச் சாதி கடந்து மணந்துகொண்டதே அவர் செய்த 'குற்றம்'. வழக்கின் கதை வாசகர்கள் அறிந்தது. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது, பின்னர் கொமரலிங்கத்தில் நடந்தது. வெட்டுக்காயங்களோடு உயிர் பிழைத்த கௌசல்யா சங்கரின் வீட்டிலேயே தங்கினார். அங்குள்ள பிள்ளைகளுக்காகச் சங்கர் பெயரில் தனிப்பயிற்சி மையம் தொடங்கினார். சங்கர் பெயரில் சமூகநீதி அறக்கட்டளையும் உருவானது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு கல்லூரித் தோழி, தன் தோழனின் நினைவுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, முதலில் எழுந்தவற்றில் ஒன்று பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க ஓர் இடம். பள்ளிவிட்டு வீட்டுக்குப் போனால் படிக்க இடமில்லாத, சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான்.

தடுக்கப்பட்டவர்கள் தமக்கான கல்வியைத் தாமே கட்டி எழுப்பியது நம்மிடம் பழைய மரபு. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது அங்கே 25 மாணவர்கள் இருந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1914இல், யாழ்ப்பாணம் வடமராட்சியில் கா. சூரன் என்னும் ஒடுக்கப்பட்ட சமூகப் பெரியவர் தேவரையாளியில் ஒரு பள்ளியை நிறுவினார். வேறு பள்ளிகளின் கதவு தம் பிள்ளைகளுக்கு மூடியிருந்த காலம் அது. அங்கே படித்த எழுத்தாளர் தெணியான், அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தார். பள்ளிக்குத் திருப்பித் தருவது என்றால் பணம் தருவது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஊரே சேர்ந்து பள்ளியைத் தாங்கிய வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பிறகு ஊர் ஊராக அது நடந்தது. வசதி உள்ளவர் கட்டடம் கொடுத்தார். இல்லாதவர் பாய், பலகை, கடிகாரம் கொடுத்தார். பள்ளி அரசுக்கு உரியதாகவே இருந்தது. ஆனால் அது தமது என்ற உரிமை ஊருக்கு வந்தது. இன்றைய 'நம்ம ஸ்கூல், நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் அந்த வழியில் வந்ததுதான். 2022 டிசம்பரில் தொடங்கிய அத்திட்டத்தின் வழியே, தாம் படித்த பள்ளியைத் தேர்ந்தெடுத்து அதற்கே நன்கொடை அனுப்ப முடிகிறது.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. இன்று பிள்ளை உள்ளே வந்துவிடுகிறது. பன்னிரண்டு வரை அது உள்ளேயே நிற்பதுதான் பாடு. குறிப்பாக நம் திருப்பூர் மாவட்டத்தில். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் தொழில் பக்கத்திலேயே இருக்கிறது. கிராமத்து வாசலுக்கே வேன் வருகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால், வட்டிக்காரன் வந்து நின்றால், அந்த வேனில் ஏற ஒரு நாள் போதும். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்றாண்டு வேலை, முடிவில் ஒரு தொகை என்று ஆசை காட்டி நூல் மில்கள் இழுத்த இளம்பெண்களில் பெரும்பங்கினர் தலித், பிற ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். பெயர் மாறலாம், வறுமையைக் கண்டு வலை வீசும் வழக்கம் இலேசில் போவதில்லை.

அரசு உதவிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு 2022இல் வந்த புதுமைப் பெண், மாணவருக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு இருக்கிறது. அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடும் இருக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் மேற்படிப்புக்குப் போகிறவருக்கே பயன்படும். ஒன்பதாம் வகுப்பில் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போன பிள்ளைக்கு இவற்றில் எதுவும் இல்லை. பள்ளி அறக்கட்டளை போய் நிற்க வேண்டிய இடம் அந்த இடைவெளிதான்.

அங்கே பெரிய பணம் தேவையில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, வீட்டுக்குப் போய் விசாரிக்க இரண்டு பேர் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு இவற்றுக்காகக் கூலியை விட்டு அலைய முடியாத பெற்றோருக்கு உடன் போய் வர ஓர் ஆள் வேண்டும். கல்வி உதவித்தொகை தாமதமானால், வரும்வரை கைமாற்றாகக் கொடுத்து வாங்க ஒரு சிறு நிதி வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனதும் "போதும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். துணைத்தேர்வுக்கு முன் உள்ள சில வாரங்களில் அந்த ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்க, அதே பள்ளியில் படித்த ஒருவர் வேண்டும். கட்டடத்தின் மேல் பெயர் பொறிப்பதைப்போல இவற்றின் மேல் பெயர் பொறிக்க முடியாது. ஆனால் இவற்றால் ஒரு பிள்ளை நிற்கும்.

அடுத்தது, அறக்கட்டளைக்குள் யார் உட்காருவது என்பது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்யும்போதே அறங்காவலர் பட்டியல் முடிவாகிவிடுகிறது. அதிகப் பணம் போட்டவர்கள் மட்டும் அதில் இருந்தால், ஊரின் தெரு அமைப்பு அப்படியே காகிதத்துக்கு வந்துவிடும். தலித் குடியிருப்பிலிருந்து படித்தவர், பெண்கள், பாதியில் படிப்பை விட்டவர் ஆகியோருக்கு அறங்காவலர் இடம் உண்டு என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். எந்தத் தெருவுப் பிள்ளை ஏன் நின்றது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. அறக்கட்டளையின் வரவு செலவை ஆண்டுதோறும் அந்தக் குழுவின் முன் படித்துக் காட்டினால், சந்தேகத்துக்கும் சண்டைக்கும் இடமிருக்காது.

சாதியைப் பள்ளிக்குள் கொண்டுவராமல் இருப்பதும் முன்னாள் மாணவர்களின் பொறுப்பு. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும், சாதி காட்டும் கைக்கயிறு போன்றவற்றைத் தடுக்கவும் பரிந்துரைத்தது. சிறுவர்கள் கயிறு கட்டக் கற்றுக்கொள்வது அண்ணன்மாரிடமிருந்துதான். நன்கொடைக் கல்வெட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்ளும் அண்ணன், தம்பியின் கையில் உள்ள கயிற்றை எப்படி அவிழ்ப்பார்? திருப்பூர் மாவட்டத்திலேயே 2018இல், தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காக ஓர் அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் எதிர்ப்புக் கிளம்பியதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு நாள் வந்தால், அந்த அம்மாவின் பக்கம் முதலில் போய் நிற்க வேண்டியது அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள்தான்.

இதைப் படிக்கும் மாணவத் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. இருபது ஆண்டு கழித்துச் சந்திப்பு நடத்தக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் உங்கள் வகுப்பில் யார் வரவில்லை என்று பாருங்கள். அவர் வீடு தெரியும் என்றால் போய்க் கூப்பிடுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். தோழமை தொடங்குவது அங்கேதான்.

முன்னாள் மாணவர்களே, அடுத்த கூட்டத்துக்கு முன் பள்ளிக்குப் போய், தலைமை ஆசிரியரின் அனுமதியோடு உங்கள் ஆண்டின் ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். அதிலுள்ள பெயர்களில் வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்களைத் தனியே எழுதுங்கள். ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய் அழையுங்கள். அவர்களில் இப்போதும் படிக்க ஆசைப்படுபவர் தனித்தேர்வராக எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ எழுதலாம். அந்தக் கட்டணம் அறக்கட்டளையின் முதல் செலவாக இருக்கட்டும். அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று அதே பள்ளியில்தான் படித்துக்கொண்டிருப்பார்கள்.