வெந்நீர்க் குழாயின் நாடி

கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் வடக்கனந்தலில், விறகடுப்பில் தவலையேற்றி வெந்நீர் காய்ச்சிய காலம் மெல்லக் கழிந்து வருகிறது. பல வீடுகளில் மின்சாரக் கீசர் இடம்பெற்றுவிட்டது. சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, என் வீட்டுக் கீசரிலிருந்து வெந்நீர் நூல்போல் ஒழுகிற்று. கருவியையே மாற்ற வேண்டும் என்றார் பார்க்க வந்தவர். சற்றுப் பொறுப்போம் என்றேன் நான்.

நீரின் அழுத்தம் எதனால் உண்டாகிறது? பரப்பினால் அன்று, உயரத்தினால். பத்து மீட்டர் உயர நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையாக அழுத்தும். எங்களூருக்கு அண்மையிலுள்ள கோமுகி அணையில் 46 அடி நீர் நின்றால் அடியில் அவ்வழுத்தம் ஏறத்தாழ 1.4 கிலோகிராம். குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே உள்ள மாடித் தொட்டியோ 0.3 கிலோகிராம்தான் தரும். தொட்டியை அகலமாக்கினால் நீர் பெருகும், அழுத்தம் பெருகாது. தொட்டியை உயர்த்தினால்தான் அது பெருகும்.

ஆகவே முதற்சோதனை எளிது. அதே குளியலறையின் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். அதிலும் நீர் மெலிந்து வந்தால் குற்றம் கீசருடையதன்று. தொட்டி தாழ்வாக இருக்கலாம், குழாய் குறுகலாக இருக்கலாம், வால்வு பாதி மூடியிருக்கலாம். தண்ணீர் விரைந்து வந்து வெந்நீர் மட்டும் மெலிந்தால், கீசரின் வழியில்தான் தடை. பல மாதங்களாகச் சிறுகச் சிறுகக் குறைந்ததாயின், அது பெரும்பாலும் உப்புப் படிவு. விட்டுவிட்டுச் சீறி வந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது. திடீரெனக் குறைந்தால், தூசியோ மணலோ அடைத்திருக்கக்கூடும். என் வீட்டில் முந்திய நாள்தான் தொட்டியைக் கழுவியிருந்தோம். மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறியபின் உள்வாய் வால்வைக் கழற்றினோம். அதன் சல்லடையில் வண்டல் அடைத்திருந்தது. கழுவி மாட்டியதும் வெந்நீர் பழையபடி வந்தது.

அழுத்தம் குறைவதால் வருவது தொல்லை. மிகுவதால் வருவதோ ஆபத்து. 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால், அது ஏறத்தாழ மூன்றிலொரு லிட்டர் விரிகிறது. உள்வாயில் ஒருவழி வால்வு இருந்தால் அந்நீர் திரும்பிச் செல்ல இயலாது. அதற்கு வழிவிடவே பாதுகாப்பு வால்வு உள்ளது. காயும்போது அது சில துளி சொட்டுவது நோயன்று. ஆறியபின்பும் ஓயாது சொட்டினால், அதில் தூசி சிக்கியிருக்கலாம். அல்லது அது தேய்ந்திருக்கலாம். அதனை மாற்றிவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டார், நீர் வீணாகிறதே என்று அந்த வாயில் மரக்கட்டையை அடித்து அடைத்திருந்தனர். மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, அதை எடுக்கச் செய்தேன். அந்நிலையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் பழுதானால், அடைபட்ட நீர் நூறு டிகிரிக்கு மேலும் சூடேறும். கலம் கிழியும் கணத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஆவிக்கோ நீரினும் 1,600 மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அந்தச் சிறிய அறையில் நிற்பவர் கதி என்னாகும்?

வெந்நீர் குறைந்தால் காரணத்தைத் தேடுங்கள். வால்வு சொட்டினால் அதன் வாயை அடைக்காதீர்கள்.