காவலே பகையானால்

மனித உடல் அரண் சூழ்ந்த நகரம் போன்றது. நோய்க்கிருமிகள் உட்புகுங்கால் அவற்றை எதிர்த்தற்கென்றே குருதியில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய பகைப்பொருளை மட்டும் இனங்கண்டு பற்றும். ஆயினும், சிற்சில வேளைகளில் இவை உடலின் உறுப்புகளையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்கும். வேலியே பயிரை மேய்வது போன்ற இந்நிலையைத் தன்னெதிர்ப்பு நோய் என்பர்.

இத்தகைய நோய்களுள் கொடியது ஒன்று சிறுநீரகத்தையும் நுரையீரலையும் ஒருங்கே தாக்குகின்றது. வெவ்வேறிடத்தில் அமைந்த இரண்டு உறுப்புகளும் ஒரே நோய்க்கு ஆளாதல் எங்ஙனம்? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நுரையீரலிலோ கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. இவ்விரண்டிலும் நுண்குழாய்களை ஒட்டிய மெல்லிய அடிப்படலத்தில் ஒரே வகைக் கொலாஜன் புரதம் அமைந்துள்ளது. அதனைத் தாக்கும் எதிர்ப்பொருள் தோன்றின், இரண்டு உறுப்புகளும் ஊறுபடும். சிறுநீரிலும் குருதி கலக்கும். இருமலிலும் குருதி வெளிப்படும்.

1919ஆம் ஆண்டில் எர்னஸ்ட் குட்பாஸ்சர் என்னும் அமெரிக்க அறிஞர், இவ்வாறு இரண்டு உறுப்புகளும் கெட்டு மாண்ட 18 வயது இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதினார். 1958இல் ஆஸ்திரேலிய மருத்துவர் இருவர் இந்நோய்க்கு அவர் பெயரையே இட்டனர். 1967இல், நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளைக் குரங்குகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் சிறுநீரகங்களும் நோயுற்றன. எதிர்ப்பொருளே நோயின் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. குருதி வெள்ளணுக்களுக்கு எதிராகத் தோன்றும் வேறு சில எதிர்ப்பொருள்களும் இவ்வுறுப்புகளின் நுண்குழாய்களைக் கெடுக்கும் என்பது பின்னர்ப் புலனாயிற்று.

இந்நோய்கள் சில நாள்களிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ய வல்லன. அங்ஙனம் செயலிழந்தபின் அது மீள்வது அரிது. ஆனால் இவற்றின் குறிகள் நிமோனியா, எலிக்காய்ச்சல் முதலிய தொற்றுநோய்களின் குறிகளையும் ஒத்திருக்கும். மருத்துவ முறையோ முற்றிலும் வேறு. தன்னெதிர்ப்பு நோய்க்கு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தருவர். தீய எதிர்ப்பொருளை நீக்கக் குருதிநீரையும் மாற்றுவர். தொற்றுநோயாளிக்கு அம்மருந்துகளைத் தந்தால் தொற்று முற்றிவிடக் கூடும். ஆதலின் நோய் இன்னதென விரைந்து அறிதல் இன்றியமையாதது.

வழக்கமான ஆய்வுமுறையில் பல நோயாளிகளின் குருதி மாதிரிகள் சேரும் வரை ஆய்வகத்தார் காத்திருப்பதுண்டு. தொலைவிலுள்ள ஆய்வகமாயின் முடிவு வந்து சேர நாள்கள் பல ஆகும். விரைவுச் சோதனைக்கு அக்காத்திருப்பு வேண்டுவதில்லை. ஒரு மெல்லிய பட்டையின்மீது, எதிர்ப்பொருள்கள் நாடும் புரதங்கள் தனித்தனியே பதிக்கப்பட்டிருக்கும். நோயாளியின் குருதித் தெளிநீரை அதன்மீது இட்டால், அதிலுள்ள எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கி, நிறங்காட்டும் பொருள்களைச் சேர்ப்பர். எதிர்ப்பொருள் பற்றிய இடத்தில் நிறம் தோன்றும். அன்றே முடிவு மருத்துவரின் கைக்கு வந்துவிடும்.

எனினும் இச்சோதனையொன்றையே முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது. நோயில்லாரிடத்தும் ஒரோவழி நிறம் தோன்றலாம். நோயுள்ளாரிடத்தும் தோன்றாமற் போகலாம். ஆகவே, எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் விரிந்த ஆய்வினாலும், சிறுநீரகத் திசுவின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்வதனாலும் மருத்துவர் உண்மையை உறுதி செய்வர். நோயாளியின் உயிர் ஊசலாடுமாயின், அவ்வுறுதிக்குக் காத்திராமல் மருத்துவத்தைத் தொடங்கவும் செய்வர். அவ்வேளையில் அவர்க்கு வழிகாட்டுவது பட்டையில் தோன்றிய அச்சிறு நிறப்புள்ளியே ஆகும்.