வீட்டு விளக்குச் சுற்றில் ஃபியூஸ் மாற்றுதல்

மின்னுருகி அல்லது ஃபியூஸ் என்பது, அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது தான் உருகி அறுந்து மின்சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஆகும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இது "பீஸ்" எனப்படுகிறது. புதிய வீடுகளில் இதன் இடத்தை எம்.சி.பி. பிடித்துவிட்டது. எனினும் திண்டுக்கல் போன்ற நகரங்களின் பழைய வீடுகளிலும், சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

அமைப்பு

ஃபியூஸ் கட்டைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பலகையில் பொருத்தப்பட்ட அடிப்பகுதி. மற்றொன்று கையால் பிடுங்கி எடுக்கக்கூடிய மேற்பகுதி. மேற்பகுதியின் இரு திருகுகளுக்கு இடையே ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி கட்டப்படும். இக்கட்டைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2086 ஆகும்.

ஃபியூஸ் எப்போதும் பேஸ் கம்பியில் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால், அது போனதும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். விளக்கு எரியவில்லை என்று நம்பித் தொடுபவருக்கு அதிர்ச்சி ஏற்படும்.

கம்பியின் அளவு

- 5 ஆம்பியர்: 0.20 மி.மீ. விட்டம்
- 10 ஆம்பியர்: 0.35 மி.மீ. விட்டம்
- 15 ஆம்பியர்: 0.50 மி.மீ. விட்டம்

இந்திய வயரிங் நடைமுறையில் ஒரு விளக்குச் சுற்றின் மொத்தச் சுமை 800 வாட்டுக்கு மிகக் கூடாது. 230 வோல்ட்டில் இது சுமார் 3.5 ஆம்பியர். எனவே விளக்குச் சுற்றுக்கு 5 ஆம்பியர் கம்பியே போதுமானது.

பழுதைக் கண்டறிதல்

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பழுது பெரும்பாலும் பல்பு, ஹோல்டர் அல்லது சுவிட்சில் இருக்கும். "பல்பு பீஸ் போச்சு" என்று சொன்னாலும் உண்மையில் அறுந்தது பல்பின் உள்ளிழையே. சில அறைகளின் விளக்குகள் ஒன்றாக அணைந்தால் அச்சுற்றின் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். தெருவே இருண்டிருந்தால் அது மின்தடை.

கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால் அதிகச் சுமை காரணமாக இருக்கலாம். பீங்கானில் கரி படிந்து கம்பி சிதறியிருந்தால் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டிருக்கலாம்.

மாற்றும் முறை

1. மெயின் சுவிட்சை அணைத்து, விளக்குச் சுவிட்சுகளையும் அணைக்க வேண்டும். கையும் தரையும் ஈரமின்றி இருக்க வேண்டும்.
2. கட்டையின் மேற்பகுதியைப் பிடுங்கி, பழைய கம்பித் துணுக்குகளை நீக்க வேண்டும். பீங்கான் விரிசல் விட்டிருந்தால் கட்டையையே மாற்ற வேண்டும்.
3. அதே அளவுள்ள புதிய ஒற்றைக் கம்பியை, திருகு முடுக்கும் திசையில் சுற்றி, விறைப்பாக இழுக்காமல் முடுக்க வேண்டும்.
4. கட்டையைப் பொருத்தி மெயின் சுவிட்சைப் போட்ட பின், விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்தச் சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போகிறதோ அந்த இணைப்பில் பழுது உள்ளது. மீண்டும் மீண்டும் போனால் வயர்மேனை அழைக்க வேண்டும்.

தடித்த கம்பியின் ஆபத்து

ஃபியூஸ் கம்பி கிடைக்காதபோது வயரை உரித்து, அதன் செம்பு இழைகள் மூன்று நான்கை முறுக்கிக் கட்டும் பழக்கம் பரவலாக உள்ளது. ஓர் இழையே ஏறத்தாழ 0.20 மி.மீ. இருப்பதால், முறுக்கிய இழைகள் 5 ஆம்பியரைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தைத் தாங்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அப்போது ஃபியூஸ் உருகுவதற்கு முன் சுவருக்குள் உள்ள வயரின் உறை உருகித் தீப்பற்றக்கூடும். "அடிக்கடி போகாத ஃபியூஸ்" நல்ல ஃபியூஸ் என்று எண்ணுவது தவறு.

மின்வாரிய ஃபியூஸ்

மீட்டருக்கு முன்னுள்ள ஃபியூஸும் மின்கம்பத்தில் உள்ள ஃபியூஸும் மின்வாரியத்தின் பொறுப்பில் உள்ளவை. கட்டணம் செலுத்தாத வீடுகளின் இணைப்பைத் துண்டிப்பதை மக்கள் "பீஸைப் பிடுங்குதல்" என்பது இதனால்தான். இவற்றை நுகர்வோர் தொடக்கூடாது. பழுது ஏற்பட்டால் பகுதி மின்வாரிய அலுவலகத்திலோ, 2021-இல் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்திலோ புகார் அளிக்கலாம்.