நேராகக் குறிவைக்காத கற்றை

நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் கிடையாது. காந்தத்தால் திருப்ப முடியாது. அப்படின்னா ஜப்பானில் டி2கே சோதனைக்காரர்கள் டோக்காயிலிருந்து 295 கிலோமீட்டர் தள்ளி, மலைக்கடியில் இருக்கும் சூப்பர் கமியோகாண்டே தண்ணீர்த் தொட்டிக்கு அதை எப்படி அனுப்புகிறார்கள்?

அதைப் பெற்றெடுக்கும் துகளைத் திருப்புகிறார்கள். 30 ஜிஇவி புரோட்டான்கள் சுமார் 90 செ.மீ. நீளமுள்ள கிராஃபைட் தண்டில் மோத, பையான்கள் சிதறும். 'ஹார்ன்' எனப்படும் மூன்று அலுமினியக் காந்தங்களில் லட்சக்கணக்கான ஆம்பியரைச் சில மில்லிவிநாடிகள் பாய்ச்சி, அவற்றை முன்னோக்கிக் குவிக்கிறார்கள். அடுத்துள்ள நீண்ட சுரங்கத்தில் பறக்கும்போதே பையான், மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் சிதையும்.

இதுவரை எனக்குப் புரிந்தது. ஆனால் கற்றையைத் தொட்டிக்கு நேராக வைக்காமல் 2.5 டிகிரி விலக்கியிருக்கிறார்கள் என்று படித்ததும் குழம்பிட்டேன். நேராக வைத்தால் நியூட்ரினோ நிறையக் கிடைக்குமே?

கிடைக்கும், பெரும்பாலும் வேண்டாத ஆற்றலில். 295 கி.மீ. தூரத்தில் நியூட்ரினோ வகை மாறுவது உச்சம் தொடுவது சுமார் 0.6 ஜிஇவியில்தான். சற்று விலகிய கோணத்தில், தாய்ப் பையானின் வேகம் எதுவானாலும் நியூட்ரினோவின் ஆற்றல் பெரும்பாலும் 0.6ஐ ஒட்டியே நிற்கும். போலி சமிக்ஞை தரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களும் குறைந்துவிடும்.

நிரலை வேகப்படுத்த உட்காரும்போது நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: கூட்ட வேண்டியது மொத்தத்தையா, பயன்படுவதையா? 2013இல் மியூவான் வகை எலக்ட்ரான் வகையாக மாறுவதை டி2கே உறுதிசெய்தபோது கையில் இருந்தவை வெறும் 28 நிகழ்வுகள். அந்த மாற்றமே இல்லையென்றால் எதிர்பார்த்தது சுமார் 5. இவ்வளவு சின்னக் கணக்கில் ஒவ்வொரு போலியும் கனம்தானே!